கிட்டத்துக்குப் போகிறவர்களுக்கு வாகனம் இல்லை

கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகை மண்டபத்தை விட்டு வெளியே வரும் ஒருவரிடம் முதலில் கேட்கப்படுவது, எங்கே போகிறீர்கள் என்பதுதான். கொழும்பு என்றால் ஒரு விலை, கண்டி என்றால் ஒரு விலை. யாழ்ப்பாணம் என்றால் கேட்டவரின் முகம் மலர்ந்துவிடும். ஆனால் புத்தளம் வீதிச் சந்தி வரை, சீதுவை வரை, நீர்கொழும்பு பஸ் நிலையம் வரை என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் மற்றவரைப் பார்ப்பார். இன்னொருவர் கொழும்புக்குப் போகும் தொகையில் பாதியைச் சொல்வார். வேறொருவர், கொஞ்சம் நடந்தால் வெளியே ஓட்டோ கிடைக்கும் என்று வழி காட்டுவார். இரண்டு பெரிய பயணப்பொதிகளோடும் நித்திரை தூங்கும் குழந்தையோடும் நிற்பவருக்கு அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு தூரம் என்பது அவரவர் உடல்நிலையைப் பொறுத்தது.

நீண்ட தூரத்துக்கு வாகனம் பிடிப்பது இந்த நாட்டில் கடினமானதல்ல. காசு இருந்தால் போதும். குறுந்தூரத்துக்குத்தான் வாகனம் கிடைப்பதில்லை. காசு குறைவாக உள்ளவர்களுக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் அந்தக் குறுந்தூரந்தான்.

வடக்கிலிருந்து கட்டுநாயக்கவைப் பயன்படுத்தும் ஒருவரின் பயணத்தை எடுத்துக்கொள்வோம். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் இரவில் ஓடும் தனியார் பஸ்களில் பல நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாகவே போகின்றன. அதாவது விமான நிலையத்திலிருந்து ஓரிரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள பிரதான வீதியை அவை ஒவ்வொரு இரவும் கடந்து செல்கின்றன. மாலையில் வந்து இறங்கும் ஒருவர் தொலைபேசியில் இருக்கையைப் பதிவுசெய்துவிட்டு, அந்த வீதிக்குப் போய் நின்றால் விடியற்காலையில் ஊரில் இருப்பார். கொழும்புக்குப் போய்த் திரும்பி அதே வீதியால் வரவேண்டியதில்லை. ரயிலில் போக விரும்புபவருக்கும் இதே கதைதான். வடபகுதி ரயில்கள் நீர்கொழும்புப் பக்கம் வருவதில்லை. கம்பஹாவுக்கோ வெயாங்கொடைக்கோ போனால்தான் அவற்றைப் பிடிக்கலாம். அதற்கும் ஒரு குறுந்தூர வாகனம் வேண்டும். 400 கிலோமீற்றர் பயணத்தில் ஆகச் சிரமமான பகுதி அந்த முதல் சில கிலோமீற்றர்கள்தான் என்றால் வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு அது தெரியும்.

பஸ் பயணிகளோடு வேறு சிலரும் இருக்கிறார்கள். வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக இரண்டு வருடம் இருந்துவிட்டு மன்னாருக்கோ மட்டக்களப்புக்கோ திரும்பும் பெண் ஒருவர். 1978 இல் விமான நிலையத்துக்கு அருகில் தொடங்கப்பட்ட சுதந்திர வர்த்தக வலயத்தில் தைக்கும் வேலைக்கு வந்து, அங்கேயே போர்டிங் அறையில் தங்கியிருக்கும் தங்கையிடம் ஓர் இரவு தங்கிவிட்டுப் போக நினைக்கும் அண்ணன். அதிகாலை விமானத்துக்காக நீர்கொழும்பில் மலிவான அறை எடுத்தவர். செயற்கைக் காலோடு நடப்பவர். யுத்தத்தில் காயப்பட்ட ஒருவருக்கு, பொதிகளை இழுத்துக்கொண்டு ஒரு கிலோமீற்றர் நடப்பதென்பது மருத்துவர் செய்யவேண்டாம் என்று சொன்ன வேலை. இவர்கள் எல்லோரிடமும் வருகை மண்டபத்து வாசல் கேட்பது அதே கேள்வியைத்தான்.

சாரதிகளைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போவது சுலபம். சமூக ஊடகங்களில் அது தினமும் நடக்கிறது. ‘மாஃபியா’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. சில இடங்களில் அந்தச் சொல்லுக்குக் காரணமும் இருக்கலாம். ஆனால் உலகத்தின் எந்த விமான நிலையத்தில் கேட்டாலும், கிட்டத்துக்குப் போகும் பயணியைச் சாரதிக்குப் பிடிப்பதில்லை. எல்லா நாட்டிலும் ஒரே குணமுள்ள மனிதர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள் என்று சொல்லமுடியாது. அப்படியானால் காரணத்தைத் தொழிலின் அமைப்பில்தான் தேடவேண்டும்.

நகரத்தில் ஓட்டோ ஓடுபவருக்குக் குறுந்தூர ஹயர் நல்லது. இரண்டு கிலோமீற்றர் கொண்டுபோய் விட்டால் அந்த இடத்திலேயே அடுத்தவர் ஏறுவார். விமான நிலையத்தில் அப்படியில்லை. அங்கே வரிசை இருக்கிறது, முறை இருக்கிறது. சாரதி மணிக்கணக்கில் காத்திருந்துதான் ஒரு ஹயரைப் பெறுகிறார். பயணியைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்தால் மீண்டும் வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது உதாரணத்துக்கான கணக்கு மட்டுமே. நிஜக் கட்டணங்கள் வாகனத்துக்கு வாகனம் மாறும். கிலோமீற்றருக்கு 150 ரூபா என்றும், ஒரு முறைக்காகக் காத்திருக்கும் நேரம் 5 மணித்தியாலம் என்றும் வைத்துக்கொள்வோம். 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ள கொழும்புக்கு ஒருவரை ஏற்றினால் 5,250 ரூபா கிடைக்கும். காத்திருப்பு, போக்குவரவு எல்லாம் சேர்த்து 7 மணித்தியாலம். எரிபொருள் செலவைக் கழிக்க முன்னர், மணித்தியாலத்துக்கு 750 ரூபா. அதே 5 மணித்தியாலம் காத்திருந்து 3 கிலோமீற்றருக்கு ஒருவரை ஏற்றினால் கிடைப்பது 450 ரூபா. அரை மணித்தியாலத்தில் திரும்பிவிட்டாலும் மணித்தியாலத்துக்கு 80 ரூபா சொச்சந்தான் வரும். ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கினால் முடிந்துவிடும். பயணி கொடுப்பது கிலோமீற்றருக்கான காசு. சாரதி இழப்பது ஒரு பகலை. பயணி தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறார். சாரதி தன் முறை வீணாகிறது என்று நினைக்கிறார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் கணக்கில் சரியாகவே இருக்கிறார்கள்.

இதோடு கடந்த சில வருடங்களின் பொருளாதாரமும் சேர்ந்திருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார் ஒன்றின் விலை புதிய காரின் விலையைத் தாண்டிப் போனது. 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அதன் பிறகு வந்த கியூஆர் முறையில் முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்றுதான் தொடங்கினார்கள். லீசிங் தவணை மட்டும் எந்த வாரமும் குறையவில்லை. அந்தக் காலத்தில் வாகனம் வைத்திருந்தவர்கள், தூரப் பயணம் ஒன்று கிடைத்தால்தான் பிழைக்கலாம் என்ற மனநிலைக்கு வந்தார்கள். பெற்றோல் விலை பின்னர் இறங்கியது. மனநிலை அவ்வளவு வேகமாக இறங்கவில்லை.

செயலிகள் இந்தச் சிக்கலை அவிழ்த்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2015 இல் பிக்மீயும் ஊபரும் இலங்கையில் ஓடத் தொடங்கியபோது, விலை முன்கூட்டியே தெரியும், பேரம் பேசத் தேவையில்லை, மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்ற நிம்மதி வந்தது. சிங்களம் தெரியாத ஒரு தமிழ்ப் பயணிக்கு இந்தக் கடைசி விடயம் சின்னதல்ல. பேசாமலே போகவேண்டிய இடத்தை வரைபடத்தில் காட்டலாம். ஆனால் விமான நிலையத்தில் செயலியும் அதே சுவரில்தான் முட்டுகிறது. கோரிக்கையை ஏற்ற சாரதி, எங்கே போகிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டு, தூரம் குறைவென்றால் இரத்துச் செய்துவிடுவார்; அல்லது பயணியையே இரத்துச் செய்யச் சொல்வார். உள்ளே வந்து ஏற்றினால் அங்கே நிலையாக நிற்பவர்களோடு முறுகல் வரும் என்று, வெளியே நடந்து வாருங்கள் என்பார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விமான நிலைய வாசலில் யார் நிற்கலாம் என்ற இழுபறி அவர் கண்டுபிடித்ததல்ல. நடந்து வர முடிந்தவர் நடப்பார். முடியாதவர் கேட்ட தொகையைக் கொடுப்பார்.

சில விமான நிலையங்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு வழி செய்திருக்கின்றன. நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்தில் கிட்டத்துக்கு ஒருவரை ஏற்றிச் செல்லும் மஞ்சள் டாக்சிக்காரருக்கு ஒரு துண்டு கொடுப்பார்கள். ‘ஷோர்ட்டி’ என்பது அதற்குப் பெயர். குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்தால் அந்தத் துண்டைக் காட்டி வரிசையின் முன்பக்கம் போகலாம். லண்டன் ஹீத்ரோவிலும் அருகிலுள்ள இடங்களுக்குப் போய்வரும் கறுப்பு டாக்சிகளுக்கு இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. லண்டனிலும் பாரிஸிலும் ரொறொன்ரோவிலும் டாக்சி ஓடிப் பிள்ளைகளைப் படிப்பித்த எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்; அவர்களிடம் கேட்டால் இந்த வரிசைகளின் சூட்சுமத்தை மணிக்கணக்காகச் சொல்வார்கள். அந்தத் துண்டுக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. புறப்பட்ட நேரத்தைக் குறிக்க ஒருவரும், திரும்பி வந்தால் வழிவிட ஒருவரும் போதும். சாரதி இழப்பது முறையை. அந்த முறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குக் குறுந்தூரப் பயணி சுமையாக இருக்கமாட்டார்.

சென்னை வேறொரு வழியில் இதைக் குறைத்தது. விமான நிலையத்துக்கு எதிரே வீதியைக் கடந்தால் திரிசூலம் புறநகர் ரயில் நிலையம். 2016 செப்டெம்பரில் மெட்ரோ ரயிலும் விமான நிலையத்துக்கே வந்துவிட்டது. பல்லாவரத்துக்கோ குரோம்பேட்டைக்கோ போகிறவர் டாக்சிக்காரரின் தயவை எதிர்பார்க்கத் தேவையில்லை. அங்கும் ஓட்டோக்காரரோடு சண்டை உண்டுதான், அது வேறு கதை. ஆனால் சண்டை பிடிக்க விருப்பமில்லாதவருக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு கோட்டைக்கு 187 ஆம் இலக்க பஸ் இருக்கிறது. அந்த பஸ் கொழும்புக்குப் போகிறவருக்கானது. வடக்கே போகிறவரை பிரதான வீதியிலோ ரயில் நிலையத்திலோ இறக்கிவிடும் ஒரு சிறு பஸ், விமானங்களின் நேரத்துக்கு ஏற்றவாறு இரவிலும் ஓடினால், எத்தனையோ குடும்பங்களின் செலவு பாதியாகும்.

அப்படியொரு பஸ் வேண்டும் என்று இவ்வளவு காலமும் யாரும் உரத்துக் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை. அதற்குக் காரணம் பழையது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் வான் பிடிப்பதுதான் வழக்கம். முதல்நாள் பின்னேரம் குடும்பமே ஏறும். அம்மா, அப்பா, சகோதரங்கள், இடம் மிஞ்சினால் பக்கத்து வீட்டார். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பிறகு விடிய விடிய ஓட்டம். வருகிறவரைக் கூட்டிவருவதும் அதே வானில். இதை உறவின் பாசம் என்று சொல்லிக்கொள்கிறோம். பாசம் இல்லாமலில்லை. ஆனால் இந்தப் பழக்கம் இவ்வளவு இறுகியதில் பயத்துக்கும் பங்குண்டு. யுத்த காலத்தில் கட்டுநாயக்கவில் இறங்கிய தமிழர் ஒருவர், தெரியாத சாரதியின் வாகனத்தில் தனியாக ஏறுவதில்லை. 2001 ஜூலை 24 தாக்குதலுக்குப் பிறகு விமான நிலையத்தைச் சுற்றியிருந்த சோதனைச்சாவடிகளில், யாழ்ப்பாண முகவரியுள்ள அடையாள அட்டையோடு நிற்பவருக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசக்கூடிய சாரதி தேவைப்பட்டார். வெள்ளை வான்களின் காலத்தில் ‘தெரிஞ்ச வாகனம்’ என்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. கொழும்பில் யாரோ ஒருவருக்குத் தெரிந்த, தமிழ் பேசும், முன்பு இரண்டு தடவை போய்வந்த வாகனம். அதன் இலக்கத்தையும் வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார்கள்.

தங்குவதற்கும் அதே நிலைமைதான். விசாவுக்கும் விமானத்துக்கும் காத்திருந்தவர்கள் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் பொலிஸ் பதிவோடு தங்கினார்கள். 2007 ஜூன் 7 அதிகாலை அந்த லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இதை அனுபவித்த தலைமுறைக்கு, விமான நிலையத்துக்கு அருகில் ஓர் அறை எடுத்து, ஓர் ஓட்டோ பிடித்து, காலையில் நிதானமாகப் போவதென்பது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியமாக இருந்தது.

யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் வான் பழக்கம் நிற்கவில்லை. விளைவு, வடக்கிலிருந்து வரும் பயணி குறுந்தூரப் பயணி என்ற கணக்கில் சேரவே இல்லை. அவர் வாடகை வாகனப் பட்டியலில் ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரே வரியாக மட்டும் இருக்கிறார். தேவை கண்ணுக்குத் தெரியாவிட்டால் திட்டமிடுபவர்கள் அதற்கு பஸ் விடப்போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற மாமாவோ சித்தியோ வான் காசைக் கொடுத்துவிடுவதால் வலி தெரியவில்லை. வெளிநாட்டில் யாரும் இல்லாத குடும்பங்களும் எங்களிடம் இருக்கின்றன என்பதை நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கட்டார் போய் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டு வரும் கிளிநொச்சி இளைஞருக்கு, தனி வான் ஒன்றின் வாடகை அவர் கொண்டுவந்த சேமிப்பில் ஒரு பங்கு.

பலாலி இதற்கெல்லாம் மாற்றாக இருந்திருக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த அந்த ஓடுபாதை, இந்த நாட்டின் சிவில் விமான வரலாற்றில் முதல் வரிசையில் உள்ளது. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தன் முதலாவது பயணத்தை இரத்மலானையிலிருந்து இந்த வழியாகத்தான் சென்னைக்குச் செய்தது. பிறகு யுத்தம் வந்தது. வீதி மூடப்பட்ட காலங்களில் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் பறந்த சிறு விமானங்கள்தான் குடாநாட்டு மக்களுக்கு வெளியுலக வாசல். 1998 செப்டெம்பர் 29 அன்று லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். 2019 ஒக்டோபர் 17 இல் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொவிட் காரணமாக 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பர் முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கிறது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிக்கும் சேவை வந்தது.

சென்னையிலிருந்து ஒன்றேகால் மணித்தியாலத்தில் பலாலியில் இறங்கிவிடலாம். இறங்கியவர் எங்கே போகிறார் என்பதில்தான் கதை இருக்கிறது. யாழ்ப்பாண நகரம் 16 கிலோமீற்றர். அங்கே போகிறவருக்கு, முன்கூட்டியே சொல்லிவைத்தால் வாகனம் வரும். உல்லாசப் பயணிக்கு ஹோட்டல் வாகனம் வரும். பலாலியிலிருந்து ஆகக் கிட்டத்தில் இருப்பவர்கள் யார்? வசாவிளான், குரும்பசிட்டி, கட்டுவன், மயிலிட்டி, தையிட்டி, தெல்லிப்பழை, அச்சுவேலி. 1990 ஜூனில் ஒரே நாளில் கட்டிய துணியோடு எழும்பிப் போனவர்களின் ஊர்கள் இவற்றில் அதிகம். கோணப்புலத்திலும் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியபோது, சொல்லப்பட்ட நோக்கங்களில் இந்த விமான நிலையமும் இருந்தது. படிப்படியாகச் சில பகுதிகள் விடப்பட்டன. விடப்படாத காணிகளுக்காக இன்னமும் போராட்டம் நடக்கிறது.

இந்த ஊர்களின் மனிதர்களில் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டு முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் திருமணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ அவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு பலாலி, ஊருக்குள்ளேயே இறங்குவது போன்றது. நான்கு கிலோமீற்றர் போனால் வீடு, அல்லது வீடு இருந்த இடம். அந்த நான்கு கிலோமீற்றருக்குத்தான் வாகனம் இல்லை.

இங்கே நிலைமை கட்டுநாயக்கவுக்கு நேரெதிர். அங்கே வாசலில் வாகனங்கள் குவிந்திருக்கின்றன, குறுந்தூரத்துக்கு வரமாட்டா. பலாலியில், குறுந்தூரத்துக்கு ஓடவென்றே இருக்கும் ஓட்டோக்காரர்கள் புன்னாலைக்கட்டுவன் சந்தியிலும் தெல்லிப்பழையிலும் அச்சுவேலியிலும் ஹயர் இல்லாமல் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாறு கிலோமீற்றருக்குள் பயணியும் இருக்கிறார், வாகனமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இராணுவ வலயத்தின் நுழைவாயில். விமான நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தில் வழியனுப்ப வந்தவர்களின் வாகனங்கள் வெளியிலேயே மறிக்கப்பட்டன. பயணிகள் பஸ்ஸில் உள்ளே கொண்டுசெல்லப்பட்டார்கள். போர்க்கால இரத்மலானைப் பயணத்தை அறிந்தவர்களுக்கு அந்த பஸ் புதிதாக இருந்திருக்காது.

எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இருக்கைகள் உள்ள ஏ.ரி.ஆர் விமானம்தான் அங்கே வருகிறது. அதில் பெரும்பாலானவர்களைச் சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப்போவார்கள். வாடகை வாகனம் தேடுபவர்கள் சிலர்தான். அந்தச் சிலருக்காக நகரத்திலிருந்து ஒரு கார் வந்து காத்துநிற்பதென்றால் அது நகரத்துக் கட்டணத்தைத்தான் கேட்கும். கட்டுவனில் இறங்குபவரிடமும் அதையே கேட்கும். சாரதி 16 கிலோமீற்றர் வெறுமையாக வந்து, 16 கிலோமீற்றர் வெறுமையாகத் திரும்பவேண்டும் அல்லவா? இதைத் தீர்ப்பது கடினமில்லை. பக்கத்துச் சந்திகளின் ஓட்டோச் சங்கங்களுக்குத் தினமும் சில வண்டிகளுக்கு அனுமதி கொடுத்து, முனையத்தின் வாசலில் முறை வைத்து நிறுத்தினால் போதும். விமான நேரம் முதலே தெரியும். வண்டி இலக்கமும் சாரதியின் பெயரும் பதிவில் இருக்கும். பாதுகாப்பைக் காரணம் காட்டுவோருக்கு, தெரியாத நகரத்துக் காரைவிட ஊர்க்காரரின் பதிவுசெய்யப்பட்ட ஓட்டோவில் என்ன கூடுதல் ஆபத்து என்று விளக்கும் பொறுப்பு உண்டு.

இன்னொரு நியாயமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. விமான நிலையத்துக்காகக் காணியை இழந்தவர்களுக்கு அந்த விமான நிலையம் இதுவரை என்ன கொடுத்தது? யுத்தத்துக்குப் பிறகு வலிகாமம் வடக்குக்குத் திரும்பிய எத்தனையோ குடும்பங்கள் தோட்டக் காணி இல்லாமல், லீசிங்கில் எடுத்த ஓட்டோவை நம்பி இருக்கின்றன. தங்கள் காணிக்கு மேலால் இறங்கும் விமானத்தின் பயணியை ஏற்றும் முதல் உரிமையை அவர்களுக்குக் கொடுப்பது நட்டஈடு ஆகாது. ஆனால் அதைக்கூடக் கொடுக்காமல் அபிவிருத்தி என்று பேசுவது பொருத்தமாக இல்லை.

பஸ்ஸைப் பற்றியும் சொல்லவேண்டும். தெல்லிப்பழையில் ஆதார வைத்தியசாலையும் புற்றுநோய் வைத்தியப் பிரிவும் இருக்கின்றன. காங்கேசன்துறை வரை ரயில் 2015 ஜனவரியில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் தொடங்கி இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஆரம்பித்த நாகபட்டினக் கப்பல் வந்து சேர்வதும் அதே காங்கேசன்துறைக்குத்தான். விமான நிலையம், துறைமுகம், ரயில் நிலையம், வைத்தியசாலை நான்கும் ஒரு சிறு வட்டத்துக்குள் இருக்கின்றன. இந்த நான்கையும் தொட்டுக்கொண்டு ஓடும் ஒரு சிறிய பஸ்ஸை விமானமும் கப்பலும் வரும் நாட்களிலாவது விடலாம். வேறொரு நாட்டில் இதைத்தான் முதலில் செய்திருப்பார்கள். இங்கே முனையத்துக்குப் பெயர்ப்பலகை முதலில் வந்தது.

வீதியின் கதையையும் பாருங்கள். விமான நிலையத்தை அண்டி வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி 35 வருடங்களுக்குப் பிறகு 2025 ஏப்ரல் 10 இல் திறக்கப்பட்டது. மக்கள் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்படவும் வேண்டும். திறந்தபோது கூடவே ஒரு பலகையும் நடப்பட்டது. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர். இடையில் நிறுத்தக்கூடாது, திருப்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடந்து போகக்கூடாது. ஓட்டோக்காரர் ஒருவரின் தொழில், வீதியில் போகும்போது கை காட்டுபவருக்கு நிறுத்துவது; இறங்கவேண்டியவரை அவருடைய படலையில் இறக்குவது. நிறுத்தவும் திருப்பவும் தடை போடப்பட்ட அந்த வீதியில் அவர் சட்டப்படி செய்யக்கூடியதாக இருந்தது கடந்து போவது மட்டுந்தான். விமானம் தாமதித்துப் பின்னேரம் 5 மணி தாண்டினால் அதுவும் இருக்கவில்லை.

யாழ்ப்பாண மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் பலாலி வரும்போதெல்லாம் ஓடுபாதையை நீட்டுவது பற்றியும் பெரிய விமானங்களை இறக்குவது பற்றியும் பேசப்படுகிறது. ஓடுபாதையை நீட்டினால் இன்னும் யாருடைய காணி போகும் என்ற கேள்வி அதோடு வருகிறது; அது தனியாகவும் விரிவாகவும் எழுதவேண்டியது. ஓட்டோ தரிப்பிடத்துக்கு ஓர் அங்குலக் காணியும் சுவீகரிக்கத் தேவையில்லை. பிரதேச சபை, ஓட்டோச் சங்கங்கள், விமான நிலைய நிர்வாகம், இராணுவம் ஆகிய நான்கு தரப்பும் ஒரு மேசையில் இருந்து, எத்தனை வண்டி, எந்தச் சந்திக்கு என்ன கட்டணம், எந்த வாசல் என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை எழுதினால் போதும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஓர் உருப்படியாகச் சேர்க்கும்படி வலிகாமம் வடக்கு, வலிகாமம் கிழக்கு பிரதேச சபைகளின் உறுப்பினர்கள் எழுத்தில் கேட்கலாம். கட்டுநாயக்கவின் குறுந்தூரத் துண்டுக்கும் இரவு பஸ்ஸுக்கும் கேட்கவேண்டிய இடம் பாராளுமன்றம். வடக்கு, கிழக்கின் உறுப்பினர்கள் ஒவ்வொரு அமர்வுக்கும் கொழும்புக்குப் போய்வருகிறார்கள். விமான நிலையச் சந்தியில் நள்ளிரவில் பொதிகளோடு பஸ்ஸுக்கு நிற்பவர்களை அந்த வீதியில் அவர்களும் கடந்துதான் போகிறார்கள்.